நரம்பு சிறியது என்றால் முதலில் ரத்தத்தைப் பாருங்கள்

கேள்வி:

எங்கள் மகளுக்கு ஐந்து மாதம் முடிகிறது. இரண்டரை மாதத்திலிருந்து கண் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. முகத்தைப் பார்த்துச் சிரிப்பதில்லை, குரல் கேட்டால் சிரிக்கிறாள். இரண்டு கண்ணிலும் பார்வை நரம்பு சரியாக வளரவில்லை, பிறவிக் குறை, ஒன்றும் செய்வதற்கில்லை, ஒரு வருடம் கழித்துக் கூட்டி வாருங்கள் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். நிறைமாதக் குழந்தை, எடை 2.8 கிலோ. பிறந்ததும் சுகர் இறங்கிவிட்டது என்று ஐ.சி.யூ.வில் வைத்திருந்தார்கள். மஞ்சள் காமாலை இறங்க ஒன்றரை மாதம் ஆனது. இப்போது அதெல்லாம் சரியாகிவிட்டது. தைராய்டும் நார்மல். நான் தாய்மாமன் மகனைத்தான் கட்டியிருக்கிறேன். மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்ததுதான் காரணம் என்கிறார் அத்தை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் நரம்பு வளரும் என்று ஒருவர் பல லட்சம் கேட்கிறார். நகையை விற்றாவது போட்டுவிடலாமா? கண் மாற்று அறுவை சிகிச்சை உண்டா? அவளுக்குப் பார்வை வருமா?

- பெயர் வெளியிட விரும்பாத தாய், விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

ஸ்டெம் செல், கண் மாற்று, கிரகணம் எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதை இந்த வாரமே செய்ய வேண்டும். குழந்தையை ஹார்மோன் டாக்டரிடம், அதாவது குழந்தைகளுக்கான எண்டோகிரைனாலஜிஸ்டிடம் காட்டுங்கள். அருகில் அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் ஒரு நல்ல குழந்தை மருத்துவரிடம் போய், கண் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, "பிட்யூட்டரி ஹார்மோன்களைப் பார்த்துவிடுங்கள்" என்று கேளுங்கள். பிட்யூட்டரி என்பது மூளைக்கு அடியில் இருந்து மற்ற சுரப்பிகளுக்கு உத்தரவு போடும் சின்னச் சுரப்பி. கண்ணைப் பற்றிக் கேட்டால் ரத்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்க வேண்டாம். பார்வைக்குச் செய்ய வேண்டியதைப் பத்து நாள் தள்ளிச் செய்தாலும் குழந்தைக்கு நஷ்டமில்லை. இதைத் தள்ளிப்போடக் கூடாது.

காரணத்தை உங்கள் கடிதமே சொல்கிறது. சுகர் இறங்கியதையும் காமாலை இழுத்ததையும் பழைய கதை மாதிரி எழுதி, "அதெல்லாம் சரியாகிவிட்டது" என்று முடித்துவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் முதலில் கண்ணில் பட்டவை அந்த இரண்டு வரிகள்தான். நிறைமாதத்தில், சரியான எடையில் பிறந்த குழந்தைக்கு ஐ.சி.யூ.வில் வைக்கும் அளவுக்குச் சுகர் இறங்க வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அதோடு ஒன்றரை மாதக் காமாலை, அதன் பிறகு கண் ஆட்டம், இரண்டு கண்ணிலும் சிறுத்த நரம்பு என்று வரிசையாக வந்தால் பிட்யூட்டரி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது.

உங்கள் மகளுக்கு இருப்பதை நாங்கள் ஆப்டிக் நெர்வ் ஹைப்போபிளேசியா என்போம். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் வழக்கமாக 11, 12 லட்சம் நுண்ணிழைகள் இருக்கும். கர்ப்பத்தின் 16, 17 வாரத்தில் இந்த எண்ணிக்கை இன்னும் அதிகம், 37 லட்சம் வரை போகும். பிறகு வேண்டாதவை தானாக உதிர்ந்து, பிறப்பதற்குள் இந்த அளவுக்கு வந்து நிற்கும். சில குழந்தைகளுக்கு ஆரம்பத்திலேயே இழைகள் குறைவாக உருவாகின்றன, அல்லது உதிர்வது அளவுக்கு மீறிப் போய்விடுகிறது. எப்படியானாலும் பிறக்கும்போது நரம்பு மெலிந்திருக்கிறது. கண்ணின் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தால் நரம்பின் முகப்பு, அதாவது டிஸ்க், சின்னதாகத் தெரியும். அதைச் சுற்றி வெளிறிய மஞ்சளில் இன்னொரு வளையம் இருக்கும். பெரிய தட்டின் நடுவில் சின்னக் கிண்ணத்தை வைத்த மாதிரி. வெளி வளையம், நரம்பு சரியாக வளர்ந்திருந்தால் நிறைந்திருக்க வேண்டிய இடம். அவசரமாகப் பார்க்கிறவர்கள் அந்த வெளி வளையத்தையே டிஸ்க் என்று எடுத்துக்கொண்டு நார்மல் என்று எழுதிவிடுவதும் உண்டு. உங்கள் டாக்டர் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார், அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். "ஒரு வருடம் கழித்து வாருங்கள்" என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

இரண்டு கண்களின் நரம்புகளும் மூளைக்கு அடியில் குறுக்காகச் சந்திக்கின்றன. அதற்குச் சற்றுக் கீழே பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. கருவில் மூளையின் முன்பக்க நடுக்கோட்டில் உருவாகும் உறுப்புகள் இவை, அதனால் ஒன்றில் குறை இருந்தால் மற்றொன்றிலும் இருக்க வாய்ப்பு அதிகம். ஜெனீவாவில் இருந்த நரம்பியல் மருத்துவர் ஜார்ஜ் டி மோர்சியர் 1956இல் பார்வை நரம்புக் குறையையும், மூளையின் நடுவே இருக்க வேண்டிய ஒரு மெல்லிய தடுப்பு இல்லாமல் போவதையும் சேர்த்து எழுதினார். 1970இல் அமெரிக்காவில் வில்லியம் ஹாய்ட்டும் கூட இருந்தவர்களும், இப்படிப்பட்ட குழந்தைகளில் சிலர் குள்ளமாக நின்றுபோவதற்குப் பிட்யூட்டரிதான் காரணம் என்று காட்டினார்கள். இரண்டு கண்ணிலும் இந்தக் குறை உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு ஹார்மோன் போதாமல் இருக்கிறது. அதிகம் குறைவது வளர்ச்சி ஹார்மோன், அடுத்து தைராய்டு, பிறகு கார்டிசால், அதாவது நோய், நெருக்கடி வரும்போது உடல் தாங்க உதவும் ஹார்மோன்.

எனக்குப் பயம் கார்டிசாலைப் பற்றித்தான். சாதாரண நாளில் அது குறைவாக இருப்பது வெளியே தெரியாது. குழந்தை பால் குடிக்கும், தூங்கும், சிரிக்கும். காய்ச்சல் வரும்போது, வாந்தி பேதி வரும்போது, மயக்க மருந்து கொடுக்கும்போது உடலுக்குக் கார்டிசால் பல மடங்கு தேவைப்படுகிறது. அப்போது சுரக்கவில்லை என்றால் சுகர் தடதடவென்று இறங்கும், ரத்த அழுத்தம் விழும், குழந்தை துவண்டு போகும். சாதாரண வைரஸ் காய்ச்சலில் இப்படிக் குழந்தைகள் உயிரிழந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கண்டுபிடித்துவிட்டால் மருந்து சுலபம், விலையும் அதிகமில்லை: ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை, எடைக்கு ஏற்ற அளவில். காய்ச்சல் நாட்களில் அளவைக் கூட்டச் சொல்வார்கள். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசி போட வேண்டும்.

"தைராய்டு நார்மல்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் டி.எஸ்.ஹெச். என்ற ஒரே ஒரு வரிதான் இருக்கும். டி.எஸ்.ஹெச். என்பது தைராய்டை வேலை செய்யச் சொல்லிப் பிட்யூட்டரி அனுப்பும் உத்தரவு. கழுத்தில் இருக்கும் தைராய்டு பழுதானால் உத்தரவு ஏறும், பரிசோதனையில் பிடிபடும். உத்தரவு போடுகிற பிட்யூட்டரியே பழுதானால் அந்த எண் ஏறாது. நார்மல் என்றே காட்டிக்கொண்டிருக்கும், உடம்பிலோ தைராய்டு ஹார்மோன் இருக்காது. அதனால் ஃப்ரீ டி4 என்பதையும், அதாவது ரத்தத்தில் இருக்கும் தைராய்டு ஹார்மோனின் அளவையும், சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைவாக வந்தால் உடனே தைராக்சின் மாத்திரையை ஆரம்பித்துவிடக் கூடாது. முதலில் கார்டிசால் போதுமானதா என்று பார்க்க வேண்டும். குறைவாக இருந்தால் ஹைட்ரோகார்டிசோன் கொடுத்த பிறகுதான் தைராக்சின். வரிசை மாறினால் ஆபத்து. ஹார்மோன் டாக்டருக்கு இது தெரியும். வேறு யாராவது மாத்திரை எழுதிக் கொடுத்தால் நீங்களே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்டிசாலுக்கு ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்து முடிவு சொல்வது இந்த வயதில் கஷ்டம். பெரியவர்களுக்குக் காலையில் ஏறி இரவில் இறங்கும் ஒழுங்கு கைக்குழந்தைகளுக்கு முதல் சில மாதங்களில் சரியாக அமைந்திருக்காது. சந்தேகமாக இருந்தால் ஒரு ஊசி போட்டு, அரை மணி, ஒரு மணி கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள். குழந்தையை இத்தனை முறை குத்துகிறார்களே என்று பாட்டிமார் சத்தம் போடுவார்கள். போடட்டும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்கள், எடுக்க வேண்டியதுதான். மூளையின் நடுப்பகுதியும் பிட்யூட்டரியும் எப்படி அமைந்திருக்கின்றன என்று அதில் தெரியும். ஆனால் இந்த வயதுக் குழந்தையை ஆடாமல் படுக்கவைக்கப் பால் கொடுக்காமல் பல மணி நேரம் வைத்து மயக்க மருந்து கொடுப்பது வழக்கம். கார்டிசால் குறைவான குழந்தைக்கு அந்தப் பட்டினியும் மயக்கமும் ஆகாது. எனவே ஹார்மோன் பரிசோதனை முதலில், ஸ்கேன் பிறகு. மயக்க மருந்து டாக்டரிடம் பிறந்தபோது சுகர் இறங்கியதைக் கட்டாயம் சொல்லுங்கள். இன்னொன்று: ஸ்கேன் நார்மலாக வந்தாலும் ஹார்மோன் நார்மல் என்று அர்த்தமில்லை. இன்று எல்லா ஹார்மோனும் சரியாக இருந்தாலும் சில வருடங்கள் கழித்து ஒன்று குறையலாம். முதல் சில வருடங்களாவது ஆறு மாதத்துக்கு ஒரு முறை உயரம், எடை, ரத்தம் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

முடிவுகள் வரும்வரை வீட்டில் கவனிக்க வேண்டியவை: பால் குடிக்க எழுப்பினால் எழாத தூக்கம், காரணமில்லாமல் உடம்பு ஜில்லிட்டுப் போவது, வலிப்பு, காய்ச்சலோடு சோர்வு. இதில் எது வந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், "பிட்யூட்டரி குறை இருக்கலாம் என்று சந்தேகம், முதலில் சுகர் பாருங்கள்" என்று சொல்லுங்கள். குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம், ஒரு நிமிட வேலை. அளவுக்கு மீறிய தாகமும், மாற்றி மாற்றித் துணி நனைவதும் பிட்யூட்டரியின் இன்னொரு குறையைக் காட்டும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தடுப்பூசியை இதற்காக நிறுத்த வேண்டாம். போட்ட பிறகு காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது பார்வைக்கு வருகிறேன்.

வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். டிஸ்க் எவ்வளவு சின்னது என்பதை மட்டும் வைத்து இவள் இவ்வளவு பார்ப்பாள் என்று ஐந்து மாதத்தில் யாரும் சொல்ல முடியாது. சின்ன டிஸ்க்கோடு ஓரளவு நன்றாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், வெளிச்சம் மட்டும் தெரிகிறவர்களும் இருக்கிறார்கள். நடுவில் இருப்பது பெரிய கூட்டம். உறுதியாகச் சொல்லக்கூடியவை இரண்டு. ஒன்று, இந்தக் குறை நாளாக ஆக அதிகமாகாது. நரம்பு இருப்பதை விட மெலியாது. பிற்காலத்தில் பார்வை குறைந்தால் வேறு காரணம் தேட வேண்டும். இரண்டாவது, இந்தக் குழந்தைகளில் பலருக்கு முதல் சில வருடங்களில் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. நரம்பு வளர்வதால் அல்ல. இருக்கிற இழைகள் கொண்டுவரும் செய்தியைப் படிக்க மூளை கற்றுக்கொள்வதால். கண் ஆட்டமும் வயது ஏற ஏறச் சற்று அடங்கும்.

ஃபைலில் "ஹைப்போபிளேசியா" என்று இருக்கிறதா, "அட்ரஃபி" என்று இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். அட்ரஃபி என்றால் நன்றாக வளர்ந்த நரம்பு பிறகு வாடியது. அதற்குக் காரணம் தேடும் வழியே வேறு, கட்டி இருக்கிறதா என்றுகூடப் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டையும் கலந்து எழுதிய சீட்டுகள் என்னிடம் வருகின்றன.

இந்த "கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும்" என்பதுதான் ஸ்டெம் செல் வியாபாரத்துக்கு முதலீடு. ஊசி போட்டு ஆறு மாதத்தில் குழந்தை விளக்கைப் பார்க்கிறது என்றால் ஊசியால் என்றுதான் எந்தத் தாயும் நினைப்பார். போடாமல் இருந்தாலும் பார்த்திருக்கும். சீனாவுக்குப் போய் இந்தக் குறைக்காக ஸ்டெம் செல் ஏற்றிக்கொண்டு வந்த குழந்தைகளின் பார்வையை லாஸ் ஏஞ்சலிஸ் குழந்தைகள் மருத்துவமனைக்காரர்கள் அளந்து பார்த்து, பார்வை முன்னேறவில்லை என்று 2013இல் எழுதினார்கள். நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான ஸ்டெம் செல் மாற்று தவிர, மற்றதெல்லாம் முறையாக அனுமதி பெற்ற ஆராய்ச்சியில் மட்டுமே தரலாம். ஆராய்ச்சியில் சேருகிறவரிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. உங்களிடம் லட்சக்கணக்கில் கேட்கிறவரிடம், எந்த ஆராய்ச்சி, பதிவு எண் என்ன என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நகையை விற்காதீர்கள்.

கண் மாற்று என்று நாம் சொல்வது கருவிழியின் முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற படலத்தை, கார்னியாவை, மாற்றுவது. உங்கள் மகளுக்கு அது நன்றாகவே இருக்கிறது. முழுக் கண்ணையும் 2023இல் நியூயார்க்கில் ஒருவருக்குப் பொருத்தினார்கள். கண் உயிரோடு இருக்கிறது, ரத்தம் ஓடுகிறது, பார்வை வரவில்லை. நரம்பை ஒட்டவைக்கும் வித்தை இன்னும் கைவரவில்லை.

செய்யக்கூடியது என்ன? குழந்தைகள் கண் மருத்துவர் ஒருவரிடம் இன்னொரு முறை காட்டி, பவர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சின்ன நரம்போடு கண்ணாடி போட வேண்டிய பவரும் இருந்து, அதைக் கவனிக்காமல் விட்டால், இருக்கிற பார்வையும் வீணாகும். ஒரு கண் மற்றதைவிட மோசமாக இருந்தால் நல்ல கண்ணைத் தினமும் சிறிது நேரம் மூடி வைத்துப் பார்க்கலாம். அதை டாக்டர் சொல்லும் அளவுக்குத்தான் செய்ய வேண்டும். பேசத் தெரியாத குழந்தைக்கும் பார்வையை அளக்க வழி உண்டு: ஒரு பக்கம் கோடு போட்ட, மறுபக்கம் வெறுமையான அட்டையைக் காட்டி, குழந்தை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பது. உங்களுக்கு மதுரை பக்கம். அரவிந்த் கண் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவும் பார்வைக் குறைவுள்ளவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவும் இருக்கின்றன. சென்னை வரை வர முடிந்தால் எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும், 1819இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனையும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. இரண்டு வேலையையும் ஒரே பயணத்தில் முடிக்கலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கும், டி.இ.ஐ.சி. என்று கேட்டால் காட்டுவார்கள். கட்டணம் கிடையாது. அங்கே இப்போதே பெயர் பதிந்துவிடுங்கள், ஒரு வயது ஆகட்டும் என்று இருக்க வேண்டாம்.

வீட்டில் விளையாட்டுப் பொருள்களை ஒரே நேரத்தில் குவிக்காதீர்கள். பூப்போட்ட போர்வையில் பல வண்ணப் பொம்மைகளைப் பரப்பினால் அவளுக்கு எல்லாம் ஒரே குழப்பம். கறுப்புத் துணியை விரித்து, அதன்மேல் சிவப்போ மஞ்சளோ ஒரே ஒரு பொருள். முகத்திலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில் மெல்ல அசைத்துக் காட்டுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள், இந்தக் குழந்தைகள் கண்டுபிடிக்க நேரம் எடுப்பார்கள். பளபளக்கும் எவர்சில்வர் தம்ளர் நன்றாக வேலை செய்யும், வெளிச்சம் அதில் பட்டு அசைவதைப் பார்த்துக் கை நீட்டும் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். தூக்குவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், திடீரென்று தூக்கினால் பயந்துவிடுவாள். நீங்கள் ஒரே நிற உடையில், பெரிய பொட்டு வைத்துக்கொண்டு முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பேசுங்கள். பின்னால் ஒரு நாள் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்க்க ஆரம்பித்தால் நிமிர்த்தாதீர்கள். அந்தக் கோணத்தில் கண் ஆட்டம் குறைந்து நன்றாகத் தெரிகிறது என்பதால்தான் சாய்க்கிறாள். புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்தாலும் அப்படியே. கண் கெடாது. கண்ணில் தாய்ப்பால், விளக்கெண்ணெய், மூலிகைச் சாறு எதுவும் விடாதீர்கள். குறை இருப்பது விழிக்குப் பின்னால், மேலே விடுவது அங்கே போகாது, தொற்றுதான் மிஞ்சும். நரம்பு டானிக்கும் அப்படித்தான், அந்தக் காசுக்குப் பழம் வாங்கி நீங்கள் சாப்பிடுங்கள்.

அத்தையிடம் சொல்லுங்கள்: கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சூரியனை வெறும் கண்ணால் பார்த்தால் பார்த்தவரின் விழித்திரை கெடும், வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. இந்தக் குறை இளம் வயதுத் தாய்மாரின் முதல் பிரசவத்தில் சற்று அதிகம் காணப்படுகிறது. அது தாயின் தவறு அல்ல. பெரும்பாலும் ஒரு குடும்பத்தில் ஒரு குழந்தைக்குத்தான் வரும், அடுத்ததற்கு வரும் வாய்ப்பு குறைவு. சொந்தத்தில் கல்யாணம் செய்தது வழக்கமாக இதற்குக் காரணமில்லை. ஆனால் அரிதாகச் சில குடும்பங்களில் ஹெச்.இ.எஸ்.எக்ஸ்.1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் தாய், தந்தை இருவர் வழியிலும் வந்து சேர்ந்து இதை உண்டாக்கியிருக்கிறது. சொந்தத்துக்குள் கட்டியவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். அதனால் அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன் மரபணு ஆலோசகர் ஒருவரை இருவரும் பார்த்துவிடுங்கள். இப்போது அவசரமில்லை.

இதைப் படிக்கும் வேறு பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஒரு கண்ணில் மட்டும் நரம்பு சிறுத்திருந்தால் மாறுகண்தான் முதலில் தெரியும். ஹார்மோன் குறை அதில் குறைவு, ஆனாலும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். ஆண் குழந்தைக்குக் குறி மிகச் சிறிதாக இருப்பதும் பிட்யூட்டரி குறையின் அடையாளமாக இருக்கலாம். நரம்பின் பிறவிக் குறைகள் எல்லாம் ஒரே வகை அல்ல. டிஸ்க் பெரிதாக, புனல்போல் குழிந்து, ரத்தக் குழாய்கள் ஓரத்திலிருந்து ஆரம் ஆரமாகக் கிளம்பும் மார்னிங் குளோரி என்ற வகையில் மூளை ரத்தக் குழாய்களையும் ஸ்கேனில் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிஸ்க்கின் கீழ்ப்பகுதி மூடாமல் விட்டுப்போன கொலபோமா இருந்தால் இதயம், காது ஆகியவற்றையும் பார்ப்போம். டாக்டர் வாயில் என்ன பெயர் வந்தாலும், "இதோடு உடம்பில் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?" என்று கேளுங்கள்.

ஊனச் சான்றிதழ் வாங்கக் கூச்சப்படாதீர்கள், சகோதரி. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி நல்ல கண்ணில் கண்ணாடி போட்ட பிறகும் 6/18க்குக் கீழே (மற்றவர்கள் 18 மீட்டரிலிருந்து பார்ப்பதை 6 மீட்டருக்கு வந்தால்தான் பார்க்க முடிகிற அளவு) பார்வை இருந்தால் குறைபார்வைப் பிரிவில் வரும், 3/60க்கும் கீழே போனால் பார்வையின்மை. குழந்தைக்கு அதை அளந்து சொல்லும் வயது வந்ததும், மாற்றுத்திறனாளிகளுக்கான யூ.டி.ஐ.டி. அட்டைக்கு விண்ணப்பியுங்கள். படிப்பில் பெரிய எழுத்து, கூடுதல் நேரம், உதவித்தொகை எல்லாவற்றுக்கும் அது தேவைப்படும்.

ரத்த முடிவுகள் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். கார்டிசால், ஃப்ரீ டி4, டி.எஸ்.ஹெச்., சோடியம், சுகர் இவற்றோடு ரத்தம் எடுத்த நேரமும் கடைசியாகப் பால் குடித்த நேரமும் குறித்திருக்கட்டும். பிறந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டையும் போட்டோ எடுத்து வையுங்கள், சுகர் எவ்வளவுக்கு இறங்கியது என்ற எண் அதில்தான் இருக்கும்.